பின் டிஃபரன்ஷியல் இரைச்சலுக்கு "முழு செட்" மாற்றச் சொல்கிறார்களா? கவனம்!

பின் டிஃபரன்ஷியலில் (எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இரைச்சல் என்று வண்டியைப் பட்டறையில் விடப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். "கிரவுன் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி என்னிடம் பெரிய தொகையை வாங்கிக்கொண்டார்கள். புதிய கிரவுன் வீல் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்), புதிய பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்), புதிய பேரிங்குகள், புதிய ஸ்பேசர் (பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கி உட்காரும் குழாய்), புதிய ஆயில் சீல் என்று ரசீதில் வரிசையாக எழுதியும் கொடுத்தார்கள். திறந்து பார்த்தபோது அவற்றில் புதிதாக இருந்தவை கிரவுன் வீலும் ஆயில் சீலும் மட்டுமே.

இந்த வேலையில் ஏமாற்றுவது மிக எளிது. மூடியைப் போட்டு எண்ணெய் ஊற்றிவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பிரேக் சரியில்லை என்றால் மிதித்தவுடனே தெரிந்துவிடும். டிஃபரன்ஷியலோ சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அதற்குள் ரசீதின் மை காய்ந்திருக்கும்.

என் வண்டியில் முதலில் வந்தது கரகரப்பான உறுமல். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. வண்டியை இடமும் வலமும் மெதுவாக வளைத்தபோதும் ஒலி மாறவில்லை. ஆகவே சக்கர பேரிங் மீது சந்தேகம் குறைந்தது. பல் தேய்ந்தால் வரும் ஒலி வேறு வகை. அது பெரும்பாலும் ஊளைபோல ஒரே சுருதியில் இருக்கும். மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்கும். இதையெல்லாம் பட்டறையில் சொன்னேன். ஒலியைக் கைபேசியில் பதிவுசெய்து வைத்திருந்தேன். கேட்டுப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார்கள். சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "கிரவுன்தான்" என்று முடிவு கட்டினார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது உறுமல் அப்படியே இருந்தது. அதன் மேல் புதிதாக ஓர் ஊளையும் சேர்ந்திருந்தது. கேட்டதற்கு, "புதுப் பல் அப்படித்தான் கத்தும் சார், ஓட ஓட அடங்கிவிடும்" என்றார் உரிமையாளர். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சரியாகப் பொருத்திய கிரவுனும் பினியனும் முதல் நாளிலிருந்தே அமைதியாக ஓடும். ஊளையிடும் பல் ஓட ஓட இன்னும் கெடுமே தவிர, தானாக அடங்காது.

அந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், அது நொடிக்கு 8.3 முறை சுற்றும். கிரவுன் வீலும் சக்கரத்தோடு அதே வேகத்தில் சுற்றும். அதில் 41 பற்கள் இருந்தால், பல்லோடு பல் மோதும் ஒலி ஏறத்தாழ 342 ஹெர்ட்ஸில் வரவேண்டும். என் செயலியில் மிக அருகில் அதே இடத்தில்தான் கூர்மையான கோடு எழுந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் கோடும் பாதிக்கு இறங்கியது. டயர் ஒலியாக இருந்தால் சாலையின் தரைக்கேற்ப மாறியிருக்கும். இது எந்தச் சாலையிலும் மாறவில்லை. பழைய பதிவில் இப்படி ஒரு கோடே இல்லை. அதாவது, பட்டறைக்குப் போகும் முன் என் வண்டியில் பல் ஒலி இருக்கவில்லை.

அதன் பிறகுதான் நானே திறக்க முடிவு செய்தேன். வடித்த எண்ணெயில் உலோகச் செதில்கள் மின்னின. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோன்ற கரும்பசை ஒட்டியிருப்பது இயல்பு, செதில் இயல்பல்ல. அடுத்து, கிரவுன் வீலிலும் பினியனிலும் பொறித்திருந்த எண்களைப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. கிரவுனையும் பினியனையும் ஒன்றோடொன்று உரசிப் பதப்படுத்தி ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை வருவதில் வியப்பில்லை. பினியன் தலைப்பக்க பேரிங்கின் உருளைகளில் குழிகள் இருந்தன. முதலில் கேட்ட உறுமலுக்கு அதுவே காரணம் என்பது என் முடிவு. அதை அப்படியே திரும்பப் பூட்டிவிட்டு, புதியது என்று ரசீதில் எழுதியிருக்கிறார்கள்.

அளந்து பார்க்கத் தேவையான கருவிகளை விலைக்குத் தேடாமல் வீட்டிலேயே செய்துகொண்டேன். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒரு திருகுக் கம்பியை நிறுத்தி, டயல் கேஜைப் (மிக நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகோல்) பிடித்துக்கொள்ளும் தாங்கி செய்தேன். கேஜின் முனையைக் கிரவுன் பல்லின் மேல் நேராக வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் அசைத்தால் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம், தெரியும். பல வண்டிகளில் இது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. என் வண்டியில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் ஆடியது. கியர் போட்டவுடன் "டக்" என்று அடித்ததற்கு விடை கிடைத்தது.

பினியன் பேரிங்கின் ப்ரீலோடை (ஆட்டம் இல்லாதபடி பேரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அளவு) அளக்க ஒரு நூலும் தொங்கு தராசும் போதும். கிரவுனை வெளியே எடுத்துவிட்டு, ஃபிளேஞ்சின் (பினியனின் வெளிமுனையில் இருக்கும் இணைப்புத் தட்டு) வட்டமான பாகத்தில் நூலைச் சுற்றித் தராசால் சீராக இழுக்க வேண்டும். சுழலத் தொடங்கும் கணத்தில் காட்டும் எடையை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம் 4 சென்டிமீட்டர், எடை 5 கிலோ என்றால் ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். புதிய பேரிங்குக்குப் பல வண்டிகளில் இந்த அளவை ஒட்டியே கேட்பார்கள். என் தராசு அசையவே இல்லை; பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டவே முடிந்தது. ஒருமுறை நசுங்கிய ஸ்பேசரை மறுபடி போட்டிருந்தார்கள். அது ஒரே ஒருமுறை பயன்படுத்துவதற்கான பாகம்.

திரும்பப் பூட்டுவதுதான் கடினமான பகுதி. புதிய ஸ்பேசரை நசுக்க 300 நியூட்டன் மீட்டருக்கும் மேல் முறுக்குவிசை தேவைப்படலாம். ஃபிளேஞ்ச் சுழலாமல் பிடிக்காவிட்டால் எதுவும் நடக்காது. ஒரு மீட்டர் நீளமுள்ள தடித்த இரும்புப் பட்டையில் இரண்டு துளையிட்டு, ஃபிளேஞ்சில் போல்ட் போட்டு, மறுமுனையைத் தரையில் ஊன்றினேன். பினியன் நட்டை இம்மி இம்மியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் நூலால் அளந்தேன். கடைசியில் ப்ரீலோட் சட்டென்று ஏறும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. வேறு புதிய ஸ்பேசர்தான். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷிம்மைத் (மெல்லிய உலோக வளையம்) தேர்ந்தெடுக்க, அதே எண்ணுள்ள இன்னொரு பேரிங்கின் உள்துளையைச் சற்றே தேய்த்து, கையாலேயே ஏறி இறங்கும்படி செய்துகொண்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்க வேண்டும். பக்கவாட்டு பேரிங்குகளின் மூடிகளை எடுக்கும் முன் கட்டாயம் குறியிடுங்கள். இடம் வலம் மாறினால் டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கே வீணாகும்.

சக்கரம் சுழலும்போது வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

பட்டறைக்கு வண்டியை விடுகிறீர்களா? வேலை தொடங்கும் முன்பே, பழைய பாகங்கள் அத்தனையும் கையில் வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பேக்லாஷ் எவ்வளவு, ப்ரீலோட் எவ்வளவு என்பதை ரசீதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். மூடி போடும் முன், பற்களில் மைப்பசை தடவிச் சுழற்றியதில் பதிந்த தடத்தையும் ஜோடி எண்களையும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். முறையாக வேலை செய்யும் மெக்கானிக்குக் கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்தான். "அதெல்லாம் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருந்தாத எண்களின் படங்கள், ஒலிப்பதிவுகள், குழி விழுந்த பேரிங் ஆகியவற்றோடு பட்டறைக்குப் போனேன். நானே திறந்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.