தேயிலை ஃபேக்டரி சர்வரில் அப்பாச்சி காராஃப்: அமைப்புக் கோப்புகள் எப்படி?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பச்சைத் தேயிலை எடை, விவசாயி கணக்கு எல்லாம் ஒரே சர்வரில் ஓடும் ஃபேக்டரிக்கு, பல ஜாவா சேவைகளை ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருளான காராஃப் பொருந்தும். ஒவ்வொரு சேவைக்கும் ‘ஈடிசி’ ஃபோல்டரில் தனி சிஎஃப்ஜி கோப்பு, அதாவது அமைப்புக் கோப்பு. 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை காராஃப் அந்த ஃபோல்டரைப் பார்க்கும். எடைமேடையின் போர்ட்டை மாற்றிச் சேமித்தால் ரீஸ்டார்ட் இல்லாமல் சேவைக்குப் போய்ச் சேரும். இலை வண்டிகள் வரிசையில் நிற்கும்போது இது பெரிய உபகாரம்.

வம்பு கோப்பின் பெயரில்தான். ‘எடை.சிஎஃப்ஜி’யை ‘எடை-பழசு.சிஎஃப்ஜி’ என்று நகலெடுத்து அங்கேயே வைத்தால், நடுவிலுள்ள கோட்டைப் பார்த்து அதை ‘எடை’யின் இன்னொரு பிரதியாக எடுத்துக்கொள்ளும். சேவை அப்படிப் பல பிரதிகளை ஏற்கும் வகையாக இருந்தால், ஒரே தராசுக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டுவார்கள். கோப்பின் பெயரையே மாற்றினாலோ அமைப்பு அழிந்ததாகக் கணக்கு. பழைய நகல் ஈடிசிக்கு வெளியே இருக்கட்டும். கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் போட்டால் இன்னும் நல்லது.

கட்டளை அடிக்கும் கன்சோலில் ‘கான்ஃபிக்:எடிட்’, ‘கான்ஃபிக்:ப்ராப்பர்ட்டி-செட்’ முடித்து ‘கான்ஃபிக்:அப்டேட்’ கொடுக்காவிட்டால் செய்தது வீண். புளூபிரிண்ட்டில் (சேவைகளை எக்ஸ்எம்எல்லில் விவரிக்கும் முறை) எழுதிய சேவை மாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லையா? அப்டேட்-ஸ்ட்ராட்டஜி ‘நன்’ (none, எதுவும் செய்யாதே) என்பதே இயல்புநிலை. ‘ரீலோட்’ ஆக்க வேண்டும். ‘சிஸ்டம்.ப்ராப்பர்ட்டீஸ்’ மாற்றினால் மட்டும் ரீஸ்டார்ட் தவிர்க்க முடியாது.

ஃபீச்சரின் (சேவைகளைக் கட்டித் தரும் தொகுப்பு) புதுப் பதிப்பை ஏற்றும்போது, அதோடு வரும் கோப்பு பழையதின் மேல் எழுதாது, ‘ஓவர்ரைடு’ கொடுத்தால் தவிர. புதிய அமைப்புகளைக் கையால்தான் சேர்க்கணும், கொஞ்சம் சலிப்பு.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.