சாண்டிங் மெஷினுக்கு எந்த உப்புத்தாள்? மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மூன்றரை வருட அனுபவம்

முதல் ஆறு மாதம் நான் திட்டித் தீர்த்தது மெஷினைத்தான். ஒரு கதவைத் தேய்க்க ஒரு பகல் முழுக்கப் போகும். தேய்த்த இடமெல்லாம் பன்றிவால் மாதிரி சுருள் சுருளாகக் கோடு விழும். சாயங்காலம் காபி தம்ளரைப் பிடித்தால்கூடக் கை நடுங்கும். மட்டமான மெஷினை வாங்கிவிட்டோம் என்றே நினைத்தேன். அதே மெஷின்தான் இன்றைக்கும் ஓடுகிறது. மாறியது அடியில் ஒட்டும் தாள் மட்டும்.

கதை இதுதான். குழித்துறைக்குப் பக்கத்தில் அப்பா எண்பதுகளில் கட்டிய ஓட்டு வீடு. முன்கதவு தேக்கு. மற்ற நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அயினி. வீட்டில் விசேஷம் வரும்போதெல்லாம் பழைய பெயிண்டின் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து, கடைசியில் பச்சை, அதன்மேல் நீலம், அதன்மேல் காபி கலர் என்று எனாமல் தோல்மாதிரி தடித்துக் கிடந்தது. மரத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்று ஆசை. ஊர் ஆசாரி அண்ணன் பார்த்துவிட்டு, "பெயிண்ட எடுக்கதுக்கு குடுக்க கூலிக்கு புதுக் கதவே போடலாம் மக்கா" என்றார். சரி, நாமே செய்வோம் என்று 125 மில்லிமீட்டர் ராண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (வட்டத் தாள் சுற்றிக்கொண்டே அதிரும் மெஷின்) ஒன்று வாங்கினேன். ஒரு வருடம் கழித்து, பழைய விலைக்கு ஒரு பெல்ட் சாண்டரும் (உப்புத்தாள் பட்டை ஓடும் மெஷின்) கிடைத்தது.

முதல் தவறு நம்பரில். கடையில் போய் "எண்பது நம்பர் ரெண்டு, நூத்தி எண்பது ரெண்டு" என்று வாங்கி வந்தேன். இடையில் 120 எதற்கு, காசு மிச்சம் என்று ஒரு கணக்கு. நம்பர் கூடக்கூட மணல் பொடிசாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பொடிசு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பி80 தாளில் ஒரு மணி சராசரியாக 0.2 மில்லிமீட்டர். பி120-இல் 0.125. பி180-இல் ஏறக்குறைய 0.08. ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு வேலைதான்: முந்தைய தாள் போட்ட கோட்டை எடுத்துவிட்டுத் தன் கோட்டை விட்டுவிட்டுப் போவது. 80 போட்ட பள்ளத்தை 180 எடுக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தேக்குக் கதவில் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) பூசியவுடன் அத்தனை சுருளும் கருகருவென்று எழுந்து வந்தது. திரும்ப முதலிலிருந்து தேய்த்தேன்.

இப்போது பெயிண்ட் இல்லாத வெறும் மரத்துக்கு என் வரிசை 80, 120, 180. இழைப்புளி போட்டு ஒழுங்காக வந்த பலகையென்றால் நேராக 120-இலேயே தொடங்கலாம். 60 எடுப்பது மேடு பள்ளம் இருந்தால் மட்டும். ஸ்டெயினோ பாலிஷோ போடப் போகிறீர்கள் என்றால் 180, மிஞ்சிப்போனால் 220, அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வழவழவென்று ஆக்கினால் மரம் நிறத்தைக் குடிக்காது. பலகையின் வெட்டுமுனை மட்டும் விதிவிலக்கு. அது ஸ்டெயினை உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால் அங்கே ஒரு நம்பர் கூடுதலாகப் போகிறேன்.

'பி' என்ற எழுத்தையும் கவனியுங்கள். அது ஐரோப்பிய அளவு. 'பி' இல்லாமல் வெறும் நம்பர் போட்டு வரும் அமெரிக்க அளவுத் தாள்களும் சந்தையில் உண்டு. 180 வரை பெரிய வித்தியாசம் தெரியாது. மேலே போனால் விலகும். பி400-ம் அமெரிக்க 320-ம் ஏறக்குறைய ஒன்றுதான். தாளின் நிறத்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், பின்பக்க அச்சைத்தான் படிக்க வேண்டும்.

இனி பெயிண்ட். நான் அதிகம் காசைக் கரைத்தது இங்கேதான்.

மரத்துக்கு நன்றாக வெட்டிய அதே காவி நிறத் தாளை எனாமல் மேல் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வெட்டுவது நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தால் மணலுக்கு நடுவே பெயிண்ட் உருகிப் பொட்டுப் பொட்டாக அப்பியிருந்தது. அடுத்த தாளுக்கும் அதே கதி. காரணம் சூடு. மெஷின் உரசும் சூட்டில் எண்ணெய்ப் பெயிண்ட் இளகுகிறது, இளகியது மணியின் இடைவெளியில் போய் உட்காருகிறது, அப்புறம் பெயிண்டே பெயிண்டைத் தேய்க்கிறது, இன்னும் சூடு. இதற்கென்றே இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, 'ஓப்பன் கோட்' தாள். மணலை நெருக்கி ஒட்டாமல், பரப்பில் பாதி முதல் முக்கால்வாசி வரை மட்டும் ஒட்டி, தூசி விழ இடம் விட்டிருப்பார்கள். இன்னொன்று, ஸ்டீரேட் பூசிய தாள். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு தூவிய மாதிரி இருக்கும். சோப்பு வகையைச் சேர்ந்த பொருள், பெயிண்டை ஒட்டவிடாது. கடையில் "பெயிண்டுக்கு உள்ள வெள்ளைப் பேப்பர்" என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர் எடுத்துக் கொடுப்பார். மார்த்தாண்டத்தில் எனக்கு எல்லா நம்பரிலும் கிடைத்ததில்லை. கார் பெயிண்ட் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், அவர்களுக்கு இது அன்றாடச் சரக்கு. திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருவுக்குப் போகும்போதும் மொத்தமாக வாங்கி வருவேன். ஒரு எச்சரிக்கை: இந்தத் தாளால் தேய்த்தபின் தண்ணீர் கலக்கும் வகைப் பாலிஷோ பெயிண்டோ அடிப்பதாக இருந்தால், பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு அடியுங்கள். ஸ்டீரேட் தூசி மிச்சம் இருந்தால் பெயிண்ட் ஒட்டாமல் சிறுசிறு வட்டமாக விலகும்.

தாளோடு பழக்கமும் மாற வேண்டியிருந்தது. பெயிண்டுக்கு மெஷின் வேகத்தை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன். தாள் இரண்டு மடங்கு நாள் வந்தது. தடித்த பெயிண்டைத் தாளால் எடுக்க நினைப்பதே வீண்வேலை என்பதும் புரிந்தது. முதலில் பெயிண்டை இளக்கும் ரிமூவர் பூசி, ஊறவிட்டு, ஸ்கிராப்பரால் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் 60-ம் 80-ம் (ஈயம் இருக்கக்கூடிய பழைய பெயிண்ட் வேறு கதை, கீழே சொல்கிறேன்). பெயிண்டுக்கு மேல் பெயிண்ட்தான் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மரம் தெரியும்வரை போகவே தேவையில்லை. உரிந்த இடத்தின் ஓரத்தை 120-ஆல் சரித்துவிட்டு, மற்ற இடத்தில் 180-ஆல் பளபளப்பை மட்டும் செத்துப்போக வையுங்கள். பிரைமருக்கு மேல் 220, எனாமல் கோட்டுகளுக்கு நடுவே 320, கையாலேயே போதும்.

இன்னொரு விஷயம், தாளைவிட முக்கியமானது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது 2016-இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முந்தைய பெயிண்ட், அதுவும் என் வீட்டு எண்பதுகளின் பச்சை, ஈயம் உள்ளது என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. முதல் இரண்டு கதவை நான் வராந்தாவில் போட்டு, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு, மெஷினால் உலர்ந்தபடியே தேய்த்தேன். பச்சைத் தூசி தரையெல்லாம். தங்கச்சி பிள்ளை அதில் விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பழைய அடுக்கை இப்போது மெஷினால் தொடுவதில்லை. ரிமூவர், ஸ்கிராப்பர், அப்புறம் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால். மரம் வெளியே வந்தபின்தான் மெஷின். சுரண்டியதைக் கூட்டிப் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. மரத்தூசியும் லேசுப்பட்டதல்ல, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. துணி மாஸ்க் இதற்குக் காணாது.

வாட்டர் பேப்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கறுப்புத் தாளை மெஷினில் வெட்டி மாட்டி, பலா மரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விலை குறைவே என்றுதான். மஞ்சள் மரத்தின் துளைகளில் கறுப்புப் பொடி போய் உட்கார்ந்து, அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதில் ஒட்டியிருக்கும் மணல் சிலிக்கான் கார்பைடு. 1921-இல் 3எம் கம்பெனி தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைக் கொண்டு வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு கொடுத்தது கார் பெயிண்ட் பட்டறைகள்தான். அதன் இடம் ஈரம், மெஷினின் இடம் உலர்ந்தது. கரண்ட் மெஷினைத் தண்ணீரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். மரத்துக்கு மெஷினில் மாட்ட வேண்டியது அலுமினியம் ஆக்சைடு மணல் ஒட்டிய தாள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். என் வேலையை மாற்றியது நம்பரோ வெள்ளைத் தாளோ மட்டுமல்ல, ஆசாரி அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்துச் சொன்னது. நான் மெஷின் மேல் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். "பேப்பரு செத்துப்போச்சுடே. செத்த பேப்பர வச்சு எதுக்கு அமுக்குத? மாத்து." தாளை எடுத்துப் பார்த்தேன். மணல் இருந்தது, கிழியவில்லை, எனக்கு நல்ல தாளாகத்தான் தெரிந்தது. புதிதை மாட்டி ஓட்டினேன். மெஷினின் சொந்தக் கனமே போதுமாயிருந்தது.

தாள் பார்வைக்குச் சாகும் முன்பே வேலைக்குச் செத்துவிடும். அடையாளம் எனக்குப் பழகியது இப்படி: புதுத் தாளில் சரசரவென்று ஒரு சத்தம் உண்டு, அது வழவழத்து அடங்கும். தூசி குறுணையாக வராமல் கோதுமை மாவாக வரும். அப்புறம், நம்மை அறியாமல் கை அமுக்கத் தொடங்கும். அமுக்கினால் வட்டு சுற்றுவது நின்று வெறுமனே அதிரும், பன்றிவால் கோடு விழும், சூட்டில் பேடின் (தாள் ஒட்டும் அடிவட்டு) வெல்க்ரோ உருகும். என் முதல் பேட் அப்படித்தான் போனது. புதுப் பேடின் விலைக்கு ஒரு குத்துத் தாள் வாங்கியிருக்கலாம். ஆறரைக்கு மூன்று அடிக் கதவின் ஒரு பக்கத்துக்கு, பெயிண்ட் போனபின், எனக்கு 80-இல் மூன்று, 120-இல் இரண்டு, 180-இல் ஒன்று செலவாகிறது. முன்பு மொத்தம் இரண்டோடு முடித்துக்கொண்டிருந்தேன், ஒரு பகலையும் முதுகையும் கொடுத்து.

அதற்காக மலிவுத் தாளை மூட்டையாக வாங்குவதும் வேண்டாம். ஆன்லைனில் நூறு தாள் கொண்ட கலவைப் பொதி ஒன்று வாங்கினேன். மணல் உதிர்ந்தது, உதிர்ந்த மணி அடியில் சிக்கி மரத்தைக் கீறியது, வெல்க்ரோ தாளைவிட்டுத் தனியே வந்தது. போதாததற்குத் துளை ஆறு, என் மெஷினுக்கு எட்டு. துளை பொருந்தாவிட்டால் தூசி பைக்குள் போகாது, தாளுக்கு அடியிலேயே நின்று அடைக்கும். கலவைப் பொதியில் இன்னொரு சிக்கல், நமக்குத் தேவையான 80-ம் 120-ம் முதல் வாரமே தீர்ந்துவிடும். அந்த 400 நம்பர் தாள் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன்.

பெல்ட் சாண்டர் பற்றிச் சுருக்கமாக. நகராமல் ஒரு நொடி நின்றால் பள்ளம். பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். பெல்ட் அடைத்தால் தூக்கிப் போடாமல் சுத்தம் செய்யலாம், அதற்கென்று ரப்பர் கட்டி விற்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே இருந்துகொண்டு ரப்பருக்குக் காசு கொடுப்பதா என்று நான் ஒட்டுப்பாலை (மரத்தில் வடிந்து உறைந்த ரப்பர்ப் பால்) வைத்துப் பார்த்தேன். நாற்றத்தில் வீட்டில் சோறு கிடைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த ரப்பர் ஷீட்டை நாலாக மடித்து, ஓடும் பெல்ட்டில் மெல்ல வைத்தால் அருமையாக வேலை செய்கிறது. அடைத்த தூசி அதில் ஒட்டி வந்துவிடும். மழுங்கிய மணலை அது கூராக்காது, அது வேறு.

நாலு இஞ்ச் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ் அடுக்கிய வட்டு) மாட்டிக் கதவு தேய்ப்பவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். வேகம் உண்டு. அந்தக் கதவில் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், குளத்து அலை தெரியும். கிரில், கீல் துருவுக்கு அது சரி.

நம் பக்கம் இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசி இன்னொரு மழை. இந்த ஈரத்தில் தாள் சுருளும், பெல்ட் ஒட்டு விட்டுவிடும். என் பெல்ட்டுகளில் இரண்டு மாட்டியவுடனே பட்டென்று அறுந்தவை, இரண்டும் மழைக்காலம் முழுக்கக் கூரைக்கடியில் கிடந்தவை. இப்போது தாளெல்லாம் மூடி இறுகும் பிஸ்கட் டப்பாவில், மேலே கனத்துக்கு ஒரு ஓட்டுத்துண்டு. பெல்ட் மடக்காமல் ஒரு பிவிசி குழாயில் தொங்கல், உள் அறையில்.

சமையலறை ஜன்னல் இரண்டு மட்டும் பாக்கி. புகையும் எண்ணெயும் பெயிண்டும் சேர்ந்த பரப்பு அது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் தாளை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தாள் போனது. மழை விட்டதும் வாளியோடு தொடங்க வேண்டும்.