எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டு எண்ணெய்ப் பம்பை மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள்

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிப் பக்கத்தில் உள்ள ஒரு படகுப் பட்டறை, எனது 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பான 150 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரின் (படகின் பின்புறம் பூட்டும் இயந்திரம்) எண்ணெய்ப் பம்பை மாற்றியதாகக் கூறி 640 டொலர் வாங்கியது. பம்பை எவரும் தொடவில்லை என்பது மோட்டார் இறுகிய பின்னரே எனக்குத் தெரிந்தது. பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் என்னைப்போல் ஏமாறாதிருக்கவே நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டன்களுக்கான எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் போகும். ஆனால் இந்த வகை மோட்டாரில் அதை நாம் கலப்பதில்லை. படகில் இருக்கும் பெரிய தாங்கியிலிருந்து எண்ணெய் மோட்டார் மூடிக்குள் உள்ள சிறு தாங்கிக்கு வரும். அங்கிருந்து, கிராங்க் தண்டிலுள்ள பல்சக்கரத்தால் சுழலும் பம்பு அதை அளந்து பெற்றோலில் சேர்க்கும். அந்தப் பல்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. வயதாக ஆகப் பற்கள் தேய்ந்து, ஒருநாள் வழுக்கத் தொடங்கும். அப்போதும் பெற்றோல் வந்துகொண்டிருப்பதால் மோட்டார் உடனே நிற்காது, சத்தத்திலும் பெரிய மாற்றம் தெரியாது, எண்ணெய் இல்லாமலே பிஸ்டன்கள் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே பம்புத் தண்டு சுற்றுகிறதா என்று பார்க்கும் உணரியும், சுற்றாவிட்டால் விட்டுவிட்டு ஒலிக்கும் ஹோர்னும் இருக்கின்றன. எனது மோட்டாரில் விடாமல் ஒலித்தால் அது சூடேறியதன் அடையாளம்.

மே மாதத்தில் எனக்குக் கேட்டது விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம். உடனே நிறுத்தி, படகை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பழைய மோட்டார்களில் உணரி பொய் சொல்லும் என்று முதலில் சிரித்த பட்டறைக்காரர், மூன்று நாள் கழித்துப் பம்பு பழுதுதான், மாற்றியாயிற்று என்றார். பற்றுச்சீட்டில் "எண்ணெய்த் தொகுதி திருத்தம்" என்ற ஒரே வரி. பாக எண் இல்லை, பழைய பம்பை நான் கேட்கவும் இல்லை. சாவியைத் திருப்பியவுடன் ஹோர்ன் தன்னைச் சோதித்து ஒருமுறை ஒலிக்க வேண்டும். அன்று அது ஒலிக்கவில்லை. அந்த அமைதியைத் திருத்தத்தின் வெற்றி என்று எண்ணி மகிழ்ந்த என் மடமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த இரண்டு பயணங்களில் ஏறத்தாழ 80 லீற்றர் பெற்றோல் செலவானது. அதற்கு எண்ணெய்த் தாங்கியில் ஒரு லீற்றராவது குறைந்திருக்க வேண்டும். ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. தாங்கியின் பக்கத்தில் நாடா ஒட்டி மட்டத்தைக் குறித்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். மூன்றாம் பயணத்தில், கரையிலிருந்து வெகுதூரத்தில், மோட்டார் ஒரு கிறீச்சிடலோடு நின்றது.

வேறொரு திருத்துநர் என் முன்னாலேயே மூடியைக் கழற்றினார். பம்பு பழையதே, அதன் திருகாணிகளில் வண்ணப்பூச்சுக்கூட உடையவில்லை. ஹோர்னுக்குப் போகும் கம்பி வெட்டப்பட்டுக் கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டிருந்தது. இரண்டு சிலிண்டர்களில் பிஸ்டன் சுவரோடு உராய்ந்து ஒட்டியிருந்தது. பம்பு பழுதென்று சந்தேகம் வந்தால், சோதித்து முடிக்கும்வரை 25 லீற்றர் பெற்றோலுக்கு அரை லீற்றர் டி.சி.-டபிள்யூ3 (இரண்டு ஸ்ட்ரோக் படகு மோட்டார்களுக்கான தரம்) எண்ணெயை முன்கூட்டியே கலந்து ஓடவிடுவதுதான் வழக்கம் என்றார் அவர். ஊரில் அப்பா போத்தலால் அளந்து கலந்ததும் அதுதான். இங்கே வந்து அதை நான் பழங்காலத்து வேலை என்று நினைத்திருந்தேன்.

முதல் பட்டறை 640 டொலரைத் திருப்பித் தருவதாகவும், மோட்டாரின் சேதத்துக்குத் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றும் சொல்கிறது. நான் அந்தப் பணத்தை வாங்கவில்லை. வெட்டிய கம்பியின் படங்கள், இரண்டாவது திருத்துநரின் எழுத்துமூல அறிக்கை, அந்த ஒற்றை வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறேன். மோட்டாரைப் பிரித்த நிலையிலேயே, பழைய பம்போடு, வீட்டுக் கராஜில் வைத்திருக்கிறேன்.