டொமைன் காலாவதியைக் கண்காணிக்கும் பிளகின்: ஹூஇஸா, ஆர்டேப்பா?

டொமைன் எப்போது காலாவதியாகிறது என்ற ஒரே ஒரு தேதியை எடுத்துக் கண்காணிப்பு சர்வரிடம் கொடுக்க வேண்டும். பிளகினுக்கு அவ்வளவுதான் வேலை. அந்தத் தேதியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கலே.

டொமைனின் பதிவு விவரங்களைக் கேட்டு வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஹூஇஸ் பழைய வழி. 43ஆம் போர்ட்டில் இணைந்து பெயரை அனுப்பினால், பதில் வெறும் எழுத்தாக வந்து விழும். டெர்மினலில் கண்ணால் படிக்க வசதிதான். நிரலுக்குத்தான் தலைவலி. டாட் காமில் ‘ரிஜிஸ்ட்ரி எக்ஸ்பைரி டேட்’ என்று வரும். டாட் ஆர்யூவில் ‘பெய்ட் டில்’. டாட் யூகேயில் ‘எக்ஸ்பைரி டேட்’, அதிலும் மாதம் எண்ணாக இல்லாமல் மூன்றெழுத்தில். ஜெர்மனியின் டாட் டிஇ அந்தத் தேதியை வெளியிடுவதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துக்குள் தேதியைத் தேடிப் பிடிக்கும் வாய்பாடு) எழுதிக்கொண்டே போகலாம், யாராவது வரியை மாற்றும் நாள் வரை.

ஆர்டேப் புதிய வழி, 2015இல் தரப்படுத்தப்பட்டது. ஹெச்டிடிபிஎஸ்ஸில் கேட்டால், நிரல் எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவில் பதில் வரும்; ‘ஈவென்ட்ஸ்’ பட்டியலில் ‘எக்ஸ்பிரேஷன்’ என்பதைத் தேடினால் தேதி கையில். எந்த டொமைனுக்கு எந்த சர்வர் என்பதை இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா வெளியிடும் கோப்பு சொல்லிவிடும். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூஇஸ் சேவை கட்டாயமில்லை என்று 2025 ஜனவரி 28 முதல், டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு தளர்த்தியும்விட்டது. ஆனால் நாட்டு டொமைன்கள் பலவற்றில் ஆர்டேப் இன்னும் கிடையாது. அதனால் ஹூஇஸை முழுக்கத் தூக்கி எறிய முடியாது. ஆர்டேப் இல்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் பொதுவான ஒரு பொறி உண்டு. டாட் காம் காலாவதியானதும் பதிவகம் (டாட் காம் பெயர்கள் அனைத்தின் பட்டியலையும் வைத்திருக்கும் நிறுவனம்) தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டிவிடும். காசு கட்டவில்லை என்றால் ரிஜிஸ்ட்ரார் (உங்களுக்கு டொமைனை விற்ற நிறுவனம்) 45 நாளுக்குள் அதை ரத்து செய்துகொள்ளலாம். அந்த இடைவெளியில் தளம் முடங்கிக் கிடக்கும், உங்கள் பிளகினோ ‘இன்னும் ஒரு வருடம் இருக்கிறது’ என்று பச்சை காட்டும்! இங்கே ஆர்டேப் ஒரு படி மேல். பதிவகத்தின் பதிலில் ‘ரிலேட்டட்’ என்ற இணைப்பு இருக்கும். அதைப் பிடித்துப் போனால் ரிஜிஸ்ட்ராரின் பதிலே கிடைக்கும். இரண்டு தேதிகளும் ஒத்துப்போகவில்லை என்றால், எது முன்னதாக வருகிறதோ அந்தத் தேதியை நம்புங்கள்.

மொழி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஷெல்லில் பதிலை எடுக்க கர்லும் ஜேசானைப் படிக்க ஜேகியூவும் போதும், ஆனால் தேதியைக் கழிக்கும் கட்டளை லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் வேறு மாதிரி. பைத்தானில் கூடுதல் நூலகம் எதுவும் தேவைப்படாது. ஒரே ஒரு எச்சரிக்கை: தேதியின் கடைசியில் வரும் இசட் எழுத்தை (யூடிசி நேரம் என்பதன் குறி), தேதியைப் படிக்கும் ‘ஃப்ரம்ஐசோஃபார்மேட்’ ஏற்பது 3.11 பதிப்பிலிருந்துதான்.

அப்புறம், தகவலை எப்படிக் கொடுப்பது? நாகியோஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் பாணியில் 0 (சரி), 1 (எச்சரிக்கை), 2 (ஆபத்து), 3 (தெரியவில்லை) என்ற எக்ஸிட் கோடு போதும். தேதி கிடைக்கவில்லை என்றால் 3, எக்காரணம் கொண்டும் 0 வேண்டாம். பிராமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி என்றால் மீதமுள்ள நாட்களை எழுதாமல் காலாவதித் தேதியையே யூனிக்ஸ் நேரமாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகளாக) எழுதுங்கள். நாளைக்குத் தகவல் எடுக்க முடியாமல் போனாலும், கடைசியாக எழுதிய தேதியை வைத்தே எச்சரிக்கை சரியாக வரும். நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் 429தான் (‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்ற பிழை எண்) பதிலாக வரக்கூடும்.