எல்லைகளைக் கடக்கும் வாடகைக் கார்: மூன்று நெடும்பயணங்களின் அனுபவம்

2016, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் காரை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு முறையும் ஐந்துக்குக் குறையாத நாடுகளை நானே ஓட்டிச் சுற்றி வந்தேன். முதல் பயணம் 38 நாள், இரண்டாவது 61 நாள், மூன்றாவது 43 நாள். மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 23,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு வார விடுமுறைக்கு ஒரே நாட்டுக்குள் கார் எடுப்பதும், மாதக்கணக்கில் எல்லை தாண்டி ஓட்டுவதும் முற்றிலும் வேறான காரியங்கள் என்பதை நான் முதல் பயணத்திலேயே செலவு செய்து தெரிந்துகொண்டேன். நாள் வாடகை எவ்வளவு என்று பத்து இணையதளங்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அந்தக் காரை எந்தெந்த நாடுகளுக்குள் கொண்டுபோகலாம், சேதம் ஏற்பட்டால் கையிலிருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அதே அளவு நேரம் கொடுப்பதில்லை. நெடும்பயணத்தின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 2016இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கார் எடுத்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோவேஷியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மீண்டும் மியூனிக் வந்து சேர்வதாகத் திட்டம். குரோவேஷியாவின் தென்கோடியில் இருக்கும் துப்ரோவ்னிக் நகரம் எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அந்நாட்டின் கடற்கரைச் சாலை, நெயும் என்ற சிறு நகரத்தருகே போஸ்னியாவுக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது என்பதை வரைபடத்தில் பார்த்திருந்தும், அதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. கார் எடுக்கும் இடத்தில் ஒப்பந்தத்தை வாசித்தபோதுதான் போஸ்னியாவுக்குள் அந்தக் காரை ஓட்ட அனுமதி இல்லை என்று தெரிந்தது. அனுமதியில்லாத நாட்டுக்குள் சக்கரம் போன அந்த நிமிடமே காப்பீடு செல்லாது. அங்கே விபத்து நேர்ந்தால் முழுப்பொறுப்பும் ஓட்டுபவருடையது. நல்வாய்ப்பாக, ப்ளோச்சே துறைமுகத்திலிருந்து பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் த்ர்பான் ஊருக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் படகு இருந்தது. அதில் ஏறி, தீபகற்பத்தின் மலைச்சாலை வழியாக ஸ்டோன் நகரத்தைக் கடந்து, போஸ்னிய மண்ணைத் தொடாமல் துப்ரோவ்னிக் சேர்ந்தோம். அரை நாள் கூடுதலாக ஆனது. ஆனால் அந்தச் சாலையின் திராட்சைத் தோட்டங்களை இன்றும் மறக்க முடியவில்லை. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்தச் சிக்கலே இல்லை. 2024இல் அதே பயணத்தைப் பாலத்தின் வழியாகச் சில நிமிடங்களில் முடித்தேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு முன்பதிவு செய்யும் முன்பே, போகவிருக்கும் நாடுகள் அத்தனையின் பெயரையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்கிறேன். ஒரே நிறுவனத்திலும் சொகுசுக் கார்களுக்கு ஒரு பட்டியல், சாதாரணக் கார்களுக்கு வேறு பட்டியல் என்று இருப்பது வழக்கம். எல்லை தாண்டுவதற்குத் தனிக் கட்டணமும் சில இடங்களில் உண்டு. ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் திருப்பிக் கொடுத்தால் வரும் ஒருவழிக் கட்டணம் பல வேளைகளில் இரண்டு வார வாடகையையே எட்டிவிடும். அதனால் என் மூன்று பயணங்களும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப்பாதைகளாகத்தான் அமைந்தன.

முதல் பயணத்தில் கற்ற இன்னொரு பாடம், ஒரே ஒப்பந்தத்தின் நாள் வரம்பு. நான் எடுத்த நிறுவனத்தின் முறைப்படி ஓர் ஒப்பந்தம் 30 நாள்களுக்கு மேல் நீடிக்காது. ஆகவே 30ஆம் நாளுக்குள் அவர்களுடைய ஏதாவது ஒரு கிளைக்குப் போய்ப் புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே போனதும், காருக்குச் சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்று வேறு காரைக் கொடுத்தார்கள். மாற்றுக் கார் நன்றாகவே இருந்தது. ஆனால் சுவிட்சர்லாந்துக்காக 40 ஃபிராங்க் கொடுத்து வாங்கி ஒட்டியிருந்த சாலைக்கட்டண ஸ்டிக்கர் பழைய காரின் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. புதிய காருக்கு மறுபடியும் 40 ஃபிராங்க் கொடுத்தேன்.

விக்னெட் என்று அழைக்கப்படும் இந்தச் சாலைக்கட்டணச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாடகைக் காரில் இதன் சிக்கல் தனியானது. சுவிட்சர்லாந்தில் ஆண்டுச் சீட்டு மட்டுமே உண்டு. ஒரு நாள் கடந்து போனாலும் அதே 40 ஃபிராங்க்தான். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் குறுகிய காலச் சீட்டுகள் கிடைக்கின்றன. ஆஸ்திரியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குச் செல்லும் கரவாங்கன் சுரங்கம் போன்ற சில இடங்களில் இந்தச் சீட்டுக்கு மேல் தனிக் கட்டணமும் செலுத்த வேண்டும். பிரான்சிலும் இத்தாலியிலும் விக்னெட் கிடையாது, ஓடிய தூரத்துக்கேற்ப டோல் கட்ட வேண்டும். ஜெர்மனியில் கார்களுக்குச் சாலைக்கட்டணமே இல்லை. முன்பு எங்கும் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்த சீட்டு இப்போது பெரும்பாலும் மின்னணுச் சீட்டாக, வண்டியின் எண்ணோடு இணைந்ததாக மாறிவிட்டது. சுவிட்சர்லாந்திலும் 2023 ஆகஸ்ட் முதல் மின்னணுச் சீட்டு கிடைக்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. வாடகைக்கு எடுப்பவருக்கோ சாவியைக் கையில் வாங்கும் வரை வண்டி எண் தெரியாது என்பதால் வீட்டிலிருந்தே வாங்கி வைக்க முடியாது. 2024இல் கார் நிறுத்தத்தில் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு, எண் பலகையைப் பார்த்து, பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் குழப்பம் வராதபடி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக் கைபேசியில் வாங்கினேன். ஓர் எழுத்து பிழையானாலும் கேமராவைப் பொறுத்தவரை நாம் கட்டணம் செலுத்தாதவர்தான்.

அடுத்தது காப்பீடு. சாதாரண வாடகையில் சேதக் காப்பீடு சேர்ந்தே வருகிறது என்று எழுதியிருக்கும். ஆனால் ஒவ்வொரு சேதத்திலும் குறிப்பிட்ட தொகை வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். எக்ஸஸ் என்று சொல்லப்படும் இந்தத் தொகை என் முதல் ஒப்பந்தத்தில் 1,200 யூரோவாக இருந்தது. அதற்கு ஈடான தொகையைக் கிரெடிட் கார்டில் முடக்கியும் வைத்தார்கள். அந்தக் கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதையும், முடக்கிய தொகை போகப் பயணச் செலவுக்குக் கார்டில் போதிய வரம்பு மிஞ்ச வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. இதைவிட முக்கியமானது, டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை ஆகியவை பெரும்பாலான அடிப்படைக் காப்பீடுகளில் சேராது. குரோவேஷியத் தீவு ஒன்றில் எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட ஒதுங்கியபோது கல் சுவரில் உரசி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தது. எக்ஸஸ் கணக்கெல்லாம் அங்கே பொருந்தவில்லை. முழு விலையும் நான்தான் கொடுத்தேன். தவறான எரிபொருளை நிரப்பி எஞ்சின் கெட்டாலும் நிலைமை இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றும், டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7 என்றும் ஒரே மாதிரி அடையாளம் இருக்கிறது. நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் இந்த வடிவத்தைப் பார்த்து நிரப்பினால் பிழை வராது.

2019 பயணத்தில் நான் தேர்ந்தெடுத்தது வேறொரு முறை. பிரான்சில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்றே குறுகிய காலக் குத்தகைத் திட்டம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. சட்டப்படி அது கார் உற்பத்தியாளரிடமிருந்து புதிய காரை வரியில்லாமல் வாங்கி, பயணம் முடிந்ததும் அவருக்கே திரும்ப விற்கும் ஏற்பாடு. நடைமுறையில் நாம் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி, சிவப்பு எண் பலகை பூட்டிய புத்தம்புதுக் காரைப் பெற்றுக்கொள்கிறோம். ஏறத்தாழ மூன்று வாரம்தான் குறைந்தபட்சக் காலம் என்பதால் சிறு விடுமுறைக்கு இது ஒத்துவராது. நெடும்பயணத்துக்கோ இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. என் ஒப்பந்தத்தில் எக்ஸஸ் என்பதே கிடையாது. கண்ணாடியும் டயரும் காப்பீட்டில் அடங்கியிருந்தன, கிலோமீட்டர் வரம்பு இல்லை, என் மனைவி ஓட்டுவதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. லியோன் நகரில் எடுத்து 61 நாள் ஓட்டியதில் ஒரு முறை லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் விரிசல் விட்டது. உதவி எண்ணுக்கு அழைத்தேன், மறுநாள் கண்ணாடி மாற்றப்பட்டது, ஒரு யூரோகூடக் கேட்கவில்லை. நடுவழியில் ஒப்பந்தம் புதுப்பிக்கவோ கார் மாற்றவோ தேவைப்படாததும் பெரிய நிம்மதி.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. பிரான்சுக்கு வெளியே காரைப் பெற்றால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். கார் கைக்கு வரும்போது டாங்கியில் சில லிட்டர் எரிபொருள்தான் இருக்கும். முதல் வேலையாகப் பெட்ரோல் பங்கைத் தேட வேண்டும். சிவப்புப் பலகை தூரத்திலிருந்தே பயணி என்று காட்டிக்கொடுப்பதால், நகரங்களில் நிறுத்தும்போது டிக்கியில் ஒரு பையைக்கூட விட்டுவைக்காமல் இருந்தோம். குத்தகையை ஆறு மாதம் வரை எடுக்கலாம் என்றாலும், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் குறுகிய கால அனுமதியில் வருபவர் எந்த 180 நாள்களிலும் 90 நாள்தான் தங்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது பயணம் மியூனிக்கிலிருந்து என்பதால் மறுபடியும் சாதாரண வாடகைக்கே திரும்பினேன். இம்முறை எக்ஸஸ் இல்லாத முழுக் காப்பீட்டுக்கு வாடகையோடு சேர்த்தே பணம் கட்டினேன். வெளி நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்கும் எக்ஸஸ் காப்பீடும் பயனுள்ளதுதான். ஆனால் அதில் நாம் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டுப் பெற வேண்டும், அதற்கான ஆவணங்களை அயல்மொழிகளில் திரட்டுவது எளிதல்ல. மூன்று முறையும் உள்நாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் காட்டினேன். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் அனுமதி ஓராண்டு மட்டுமே செல்லும். அசல் உரிமம் இல்லாமல் அதற்குத் தனி மதிப்பில்லை.

எனக்கு நேர்ந்த மிக நீண்ட தொல்லை இத்தாலியில். அங்கே பழைய நகரங்களின் மையப்பகுதிகள் பல, உள்ளூர் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையக்கூடிய தடைப்பகுதிகள். நுழைவாயிலில் கேமரா இருக்கும், காவலர் இருக்கமாட்டார். டஸ்கனியில் நாங்கள் தங்கிய விடுதி அப்படியொரு பகுதிக்குள் இருந்தது. விடுதியில் முன்பே வண்டி எண்ணைக் கொடுத்திருந்தால் அவர்கள் பதிவு செய்திருப்பார்கள், நான் கொடுக்கவில்லை. சில மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் என் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குத் தெரிவித்ததற்கான சேவைக் கட்டணம் என்று கார்டில் இரண்டு முறை பணம் எடுத்தது, ஏனெனில் இரண்டு கேமராக்களைக் கடந்திருந்தோம். அபராதம் அந்தக் கட்டணத்தில் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது பின்னர் தபாலில் தனியாக வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத அறிவிப்பை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது, கிடைத்த 5 நாள்களுக்குள் செலுத்தினால் 30 சதவீதம் குறைகிறது. இப்போதெல்லாம் இத்தாலிய நகரங்களில் மதிலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போகிறேன்.

எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வண்டியைச் சுற்றி வந்து காணொளி எடுத்துக்கொள்கிறேன். சக்கரங்களின் விளிம்பும் கூரையும் எரிபொருள் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் அதில் தெரிய வேண்டும். அலுவலகம் மூடிய பின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும் வசதியை நான் பயன்படுத்துவதில்லை. மறுநாள் ஊழியர் வந்து பார்க்கும் வரை வண்டிக்கு நாமே பொறுப்பு என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

அடுத்த பயணத்தை அட்ரியாட்டிக் கடலோரமாக மாண்டினீக்ரோ, அல்பேனியா வரை நீட்ட விரும்புகிறேன். மூன்று நிறுவனங்களுக்கு நாடுகளின் பட்டியலை அனுப்பியதில் இரண்டு மாண்டினீக்ரோவுக்குக் கட்டணத்தோடு சம்மதித்தன, அல்பேனியாவை மூன்றுமே மறுத்துவிட்டன. ஆகவே மாண்டினீக்ரோ வரை ஒரு காரிலும், எல்லைக்கு அப்பால் அங்கேயே எடுக்கும் வேறொரு காரிலும் போவதாகப் பயணத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.