கண்டிப்பான வீட்டுக்கு கூகுள் ஃபேமிலி லிங்க் எவ்வளவு தூரம் உதவும்?

சாப்பிடும்போது திரை கூடாது, படுக்கும் இடத்துக்கு போன் வரக்கூடாது, பத்தாவது முடியும்வரை தனி போன் கிடையாது என்று இருக்கும் வீடுகளிலும் இப்போது ஃபேமிலி லிங்க் போடுகிறார்கள். பிள்ளையின் போனையும் டேபையும் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த கூகுள் தரும் ஆப் இது. காசு கிடையாது, சொன்ன வேலையை ஒழுங்காகவும் செய்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: பிள்ளையின் கையில் சொந்தமாக ஒரு போனோ டேபோ இருக்கும் வீட்டை நினைத்துச் செய்யப்பட்ட ஆப் இது. நம் வீடுகளில் நான்காம் வகுப்புப் பிள்ளை பார்ப்பது அம்மாவின் போனை. அதில் இருப்பது அம்மாவின் கணக்கு. அந்த போனில் ஃபேமிலி லிங்கின் நேரக் கட்டுப்பாடு எதுவும் பிள்ளையைத் தொடாது. கண்டிப்பு கூடக்கூட இந்த ஆப்பின் பயன் குறைகிறது என்பதுதான் வேடிக்கை.

ஆறாவது, ஏழாவதில் படிப்புக்கென்று ஒரு டேப் வாங்கும்போதுதான் இதற்கு உண்மையான வேலை வருகிறது. பெற்றோர் போனில் ஆப்பைப் போட்டு, பிள்ளையின் பெயரில் சரியான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு தொடங்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கை டேபில் ஏற்றி, பெற்றோர் பாஸ்வேர்டால் உறுதிசெய்தால் முடிந்தது. அரை மணி நேரம் ஆகும். பலர் சறுக்குவது பிறந்த தேதியில். கேம் விளையாடுவதற்காக வருடத்தை 1990 என்று போட்டு ஏற்கனவே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். கூகுளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது; தேதியைத் திருத்தாமல் அந்தக் கணக்கை மேற்பார்வையில் கொண்டுவர முடியாது. இன்னொன்று, அதே டேபில் அப்பாவின் கணக்கையும் விட்டுவைக்கக் கூடாது. அது இருந்தால் பூட்டிய வீட்டுக்குப் பின்வாசல் திறந்திருப்பதுபோல.

நேரக் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது. தினசரி அளவைக் கிழமைவாரியாக வைக்கலாம். பள்ளி நாளில் 45 நிமிடம், ஞாயிறு ஒன்றரை மணி நேரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். 'டவுன்டைம்' என்பது தூங்கும் நேரப் பூட்டு. இரவு 8.30 முதல் காலை 7 வரை வைத்துவிட்டால் தினமும் வாக்குவாதம் இல்லை, "ஆப்தான் மூடிக்கிச்சு" என்று சொல்லிவிடலாம். அகராதி, பள்ளி ஆப் போன்றவற்றை எப்போதும் அனுமதி என்ற பட்டியலில் போட்டால் அவை தினசரிக் கணக்கில் சேராது. கவனிக்க வேண்டியது: இந்த அளவு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. அதே கணக்கு டேபிலும் பழைய போனிலும் இருந்தால் 45 நிமிடம் 90 ஆகிவிடும்.

பூட்டியும் பூட்டவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஆப்பின் குற்றம் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். பிள்ளையின் கருவியில் ஃபேமிலி லிங்குக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆப் தானாக ஓட அனுமதிக்கும் 'ஆட்டோ ஸ்டார்ட்' இருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். நெட் இல்லாதபோது நீங்கள் அனுப்பும் கட்டளையும் போய்ச் சேராது. அந்த நேரத்தில் பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் பெற்றோர் ஆப்பில் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அது மாறிக்கொண்டே இருப்பது; இரண்டு கருவியிலும் கடிகாரம் சரியாக இல்லாவிட்டால் ஏற்காது.

ப்ளே ஸ்டோர் அனுமதியில் எல்லாவற்றுக்கும் உங்களைக் கேட்கும் 'ஆல் கன்டென்ட்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை சம்மதித்த ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கும்போது உங்களைக் கேட்காது. அப்டேட்டுக்கும் கேட்காது. ஆகவே வேண்டாம் என்று முடிவெடுத்த கேமை அழித்தால் மட்டும் போதாது, ஆப் பட்டியலில் 'பிளாக்' செய்ய வேண்டும்.

இனி யூடியூப். மேற்பார்வைக் கணக்கில் மூன்று படி உண்டு: 9 வயதுக்கு மேல் 'எக்ஸ்ப்ளோர்', 13க்கு மேல் 'எக்ஸ்ப்ளோர் மோர்', அதற்கடுத்து ஏறக்குறைய எல்லாம். இந்த வடிகட்டி ஆபாசத்தையும் ரத்தத்தையும் ஓரளவு பிடிக்கும். நம் பெரியவர்கள் முகம் சுளிக்கும் விஷயங்கள் அதற்குப் புரியாது. இரட்டை அர்த்த நகைச்சுவை, மனைவியை அடிப்பதைச் சிரிப்பாகக் காட்டும் சீரியல் துண்டு, டாஸ்மாக் வாசலில் ஆடும் பாட்டு இவையெல்லாம் அதன் கண்ணில் சாதாரண பொழுதுபோக்குதான். தமிழ்க் கொச்சையின் உள்ளர்த்தம் ஒரு பாட்டிக்குத் தெரியும் அளவுக்கு எந்த மென்பொருளுக்கும் தெரிவதில்லை. கண்டிப்பான வீட்டுக்கு ஏற்றது, குழந்தைகளுக்கான தனி ஆப்பான யூடியூப் கிட்ஸில் 'அப்ரூவ்ட் கன்டென்ட் ஒன்லி' என்ற முறை ஒன்றுதான். நீங்கள் பொறுக்கிக் கொடுத்தது மட்டும் வரும், தேடும் வசதியே இருக்காது. ஒரு மாலை உட்கார்ந்து முப்பது நாற்பது வீடியோ சேர்க்கும் பொறுமை வேண்டும்.

அந்த ஆப்பில் ஒரு கூத்து உண்டு. பெற்றோர் அமைப்புக்குள் போக அது கேட்பது ஒரு பெருக்கல் கணக்கு. 7 × 8 எவ்வளவு என்று கேட்டு, சரியாகச் சொன்னால் நீங்கள் பெரியவர் என்று நம்பிவிடும். தினமும் வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் இரவுச் சாப்பாடு என்று வளர்க்கும் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று விநாடியில் உள்ளே போய்விடும். ஆப்பைப் போட்ட கையோடு அந்தப் பெருக்கல் கேள்விக்குப் பதிலாக நான்கு இலக்க ரகசிய எண் வைத்துவிடுங்கள்.

அம்மா போனையே கொடுக்கும் வீட்டுக்கு ஃபேமிலி லிங்கைவிட இது மேல்: யூடியூப் கிட்ஸைத் திறந்து, செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியிலுள்ள 'ஆப் பின்னிங்' மூலம் அந்தத் திரையிலேயே நிறுத்திவிடலாம். வெளியேறும்போது பின் நம்பர் கேட்கும்படியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. யூடியூப் கிட்ஸின் டைமரையும் வைத்துக் கொடுத்தால் வாட்ஸ்அப், வங்கி ஆப் எதையும் பிள்ளை தொடாது.

வாட்ஸ்அப்பில் ஃபேமிலி லிங்க் செய்யக்கூடியது நிமிடக் கணக்கு வைப்பதும் பிளாக் செய்வதும் மட்டும். யார் என்ன அனுப்பினார்கள் என்று காட்டாது. செய்தியைப் படிக்கலாம் என்று நினைத்துப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். வாட்ஸ்அப்பின் குறைந்தபட்ச வயதே 13. ஹோம்வொர்க் அங்கேதான் வருகிறது என்பதற்காக ஸ்கூல் குரூப்பைப் பிள்ளை கணக்கில் வைக்கத் தேவையில்லை. பெற்றோர் போனில் பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். இருக்கும் இடம் காட்டும் வசதி டியூஷன் விட்டு வரும் நேரத்துக்கு உதவும். பிள்ளையிடம் சொல்லிவிட்டே போடுங்கள். மேற்பார்வை இருப்பதை அந்தக் கருவியே காட்டிவிடும், மறைக்க வழியில்லை.

டேபை இவ்வளவு கட்டிவிட்டு ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவியை மறந்துவிடுகிறார்கள். அதன் யூடியூபில் அப்பாவின் கணக்கு லாகின் ஆகி இருக்கும், ரிமோட் சோபாவிலேயே கிடக்கும். டிவியின் யூடியூபிலிருந்து அந்தக் கணக்கை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. லாகின் இல்லாமலும் அது ஓடும். அந்த ஆப்பை டிவியின் சொந்த பின் பூட்டுக்குள் போட்டுவிட வேண்டும்.