எண்ணூரில் எங்கள் பழைய ஃபைபர் படகை உடைத்து எடுத்துப்போன காசிமேட்டுக் குழு

படகு உடைக்க ஆள் பேசும்போது, எஞ்சினுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் தெர்மாகோலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் கையில் படகை நம்பிக் கொடுக்கலாம்.

எங்களுடையது 28 அடி ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்தவற்றில் ஒன்று. அப்பா அதில்தான் எங்களைப் படிக்க வைத்தார். அடியில் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து படிந்தபோது, கரையில் கிடந்த மற்றப் படகுகளைப் போல இதுவும் கருப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு கடலுக்கு இறக்கவில்லை. சுனாமி சமயத்தில் வந்த ஃபைபர் படகுகளுக்கெல்லாம் இப்போது இருபது வயதுக்கு மேல். மரமாக இருந்தால் அடுப்புக்காவது போகும். ஃபைபர் மக்காது. கண்ணாடி இழையைப் பிணைக்கிற ரெசின் என்ற பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருக்கவும் முடியாது. குப்பத்துக் கரையில் மண் மூடிப் பாதி தெரிகிற படகுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதலில் வந்த ஒருவர் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொள்வதாகவும், மிச்சத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்திவிடலாம் என்றும் சொன்னார். பத்தடி தள்ளி வீடுகள், குழந்தைகள். அப்பா அப்போதே அவரை அனுப்பிவிட்டார்.

காசிமேட்டுக் குழுவுக்குப் பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. வார்ப்பு என்கிற படகுத்துறைப் பக்கம் போய் 'போட்டு' (படகு) உடைக்கிறவர் என்று கேட்டால் காட்டுவார்கள். குழுவை நடத்துகிற அண்ணனும் மூன்று பையன்களும் வந்தார்கள். கட்டரைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டது பதிவுச் சான்றும் ஊர் நிர்வாகிகளின் கடிதமும். "யார் போட்டுன்னு தெரியாம நான் கை வெக்க மாட்டேன் தம்பி" என்றார். 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடத்தப்பட்ட மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு படகு எண்ணுக்கு எவ்வளவு கெடுபிடி என்பது கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். படகு இல்லாமல் போய் எண் மட்டும் கணக்கில் இருந்தால் நாளைக்கு நமக்குத்தான் தலைவலி. எண் எழுதிய பலகையை மட்டும் சேதமில்லாமல் தனியாக அறுத்து அப்பா கையில் கொடுத்தார்கள். உடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவரேதான். மீன்வளத் துறையில் பதிவை ரத்து செய்ய மனு கொடுத்தபோது அந்தப் படங்கள் உதவின.

அடுத்து டேங்கில் கிடந்த டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கேனில் இறக்கினார்கள். ஒரு சொட்டு மணலில் விழவில்லை. அந்த எண்ணெய்க் கறையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற ஊரில் இதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துபோனது.

தெர்மாகோலுக்கு வருகிறேன். ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க, முன்னாலும் பின்னாலும் அடைத்த அறைகளில் தெர்மாகோல் வைத்திருப்பார்கள். அந்த அறையை அறுத்த நிமிஷமே வெள்ளை மணிகள் காற்றில் பறக்கும். கடலில் விழுந்தால் பொறுக்கவே முடியாது, மீன் இரையென்று விழுங்கும். இவர்கள் அறுப்பதற்கு முன்பே படகின் முனையைச் சுற்றி நாலு கழி நட்டுக் கொசுவலை கட்டினார்கள். கீழே தார்ப்பாய். ஒரு பையன் கட்டர் போகிற கோட்டிலேயே குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான், தூள் அதிகம் எழும்பவில்லை. வேலை முடிந்ததும் வலையில் ஒட்டியிருந்த மணிகளைக் கையால் வழித்துச் சாக்கில் அடைத்தார்கள். தார்ப்பாயையும் நாலு மூலை சேர்த்து அப்படியே தூக்கிக் கட்டினார்கள். இதற்கென்று தனிக்கூலி கேட்கவில்லை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பையன்கள் முகத்தில் துண்டு மட்டும் கட்டியிருந்தார்கள், கையில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார்கள். பறக்கிறது கண்ணாடி இழைத் தூள். சாயங்காலத்துக்குள் ஒரு பையனுக்கு முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. இவ்வளவு பக்குவமாக வேலை தெரிந்த அண்ணன் இதை இப்படி விடக் கூடாது. கூப்பிடுகிறவர்கள் நல்ல முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வாங்கி வைத்துவிட்டு, போட்டுக்கொண்டால்தான் வேலை என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காசிமேட்டில் இவர்கள் மர விசைப்படகும் உடைக்கிறார்கள். அதில் பலகை விறகுக்குப் போகும், ஆணி இரும்பாகப் போகும், புரொப்பல்லருக்கு நல்ல விலை கிடைக்கும். அதனால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது சுலபம். ஃபைபருக்குத்தான் யாரும் காசு தர மாட்டார்கள். ஜெர்மனியில் சிமென்ட் சூளையில் போடுகிறார்கள். ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி இழை சிமென்டோடு சேர்ந்துவிடும். எங்கள் படகில் வளையாத துண்டுகளை வலைக் கொட்டகைக்குக் கூரையாகப் போட ஊரிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதியை டாடா ஏஸில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக் கழிவு எடுக்கிற இடத்துக்கு அனுப்புவதாக அண்ணன் சொன்னார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் இவர்களைக் கூப்பிடாதீர்கள். காசிமேட்டில் எல்லாப் படகும் கரையேறிப் பழுது பார்க்கிற நேரம், கிரேனும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. கூலி, கட்டர், வண்டி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 14,000 ரூபாய் சொன்னார். எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் 9,000 கழித்துக்கொண்டார், காயலான் கடையில் நான் தனியாக விசாரித்த விலையும் அதையொட்டித்தான் இருந்தது. பாக்கி 5,000. அதில் 3,000 கையில் கொடுத்தேன். எடை மேடைச் சீட்டும் கழிவு இறக்கிய ரசீதும் வந்தபிறகு மீதி 2,000 தருவதாக முன்கூட்டியே பேசியிருந்தேன். இரண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் பணத்தை வாங்கினார். நீங்களும் அப்படியே பேசிக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.